அரை நாள் மிஸ்

எனக்கு எதையும் முடிவு செய்யத் தெரியாது. அரை கிலோ தக்காளி வாங்கினால்கூட, வாங்கிய பிறகு பக்கத்துக் கடையில் விலை கேட்டு வருத்தப்படுகிறவள் நான். அப்படிப்பட்டவளிடம்தான் என் கணவர் போனில் சொன்னார்: "பி.எட். சேரணுமா வேண்டாமான்னு நீயே முடிவு பண்ணு. எனக்கு எதுன்னாலும் சம்மதம்."

நல்ல மனுஷர்தான். அவருக்கு ஓசூரில் வேலை. மாதம் ஒருமுறை வருவார். அவரைப் பெற்ற அத்தையும் மாமாவும் இடைசெவல் பக்கம் ஊரில், ஆடுகளோடும் பருத்திக் காட்டோடும் இருக்கிறார்கள். எங்கள் மகள் யாழினியின் படிப்புக்காக நானும் அவளும் மட்டும் கோவில்பட்டியில் வாடகை வீட்டில் இருந்தோம். காலையில் பள்ளி வேன் அவளை ஏற்றிக்கொண்டு போனதும் வீடு கப்பென்று அடங்கிவிடும். கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவரை நிறுத்திவைத்து நான் வெயிலைப் பற்றிப் பேசியிருக்கிறேன். மூன்றாவது சிலிண்டரிலிருந்து அவர் மணியை அடித்துவிட்டு வாசலிலேயே வைத்துவிட்டுப் போக ஆரம்பித்தார்.

பேச ஆளில்லாததால் கணக்குப் போட்டேன். நோட்டின் இடப்பக்கம் செலவு: இரண்டு வருட ஃபீஸ், பஸ், புத்தகம், எல்லாம் சேர்த்துத் தொண்ணூறாயிரம். அம்மா போட்ட வளையல்களை அடகு வைத்தால் சரியாக வரும். வெள்ளிக்கிழமை பணம் கட்டக் கடைசி நாள். வலப்பக்கம் வருமானம் என்று தலைப்பு மட்டும் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தேன். எழுதுவதற்கு எதுவும் இல்லை. தனியார் பள்ளியில் எவ்வளவு தருவார்கள் என்று யாரைக் கேட்பது?

கல்லூரியில் என்னோடு படித்த மகேஸ்வரி, யாழினியின் பள்ளியில்தான் டீச்சர். போனில் கேட்டேன்.

"ஏட்டி, சம்பளத்தை வெளிய சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காவ. புதன்கிழமை நேர்ல வா, காதுல சொல்லுதேன்" என்றாள். (ராணுவ ரகசியம்!)

புதன்கிழமை வேன்காரரிடம், "இன்னைக்குப் பாப்பாவை நானே விட்டு நானே கூப்பிட்டுக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டேன். எல்.கே.ஜி. பன்னிரண்டரைக்கு விடும். பள்ளிக்குப் போகிறோமே என்று, பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையில் பாதி விலைக்கு வாங்கி வைத்திருந்த புதுச் சேலையை எடுத்துக் கட்டினேன். இலைப்பச்சை நிறம், மாங்காய் பார்டர். அதற்கு மடிப்பு எடுக்க அரை மணி நேரம் ஆனதால் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தோம். கேட்டிலேயே ஆயாம்மா யாழினியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். வாட்ச்மேன் எழுந்து நின்று வணக்கம் சொன்னார். பெற்றோருக்கு இவ்வளவு மரியாதை தருகிற பள்ளியா என்று எனக்கு ஒரே பெருமை.

வராந்தாவில் பிரின்சிபால் எதிரே வந்தார்.

"என்ன மிஸ், பெல் அடிச்சு அஞ்சு நிமிஷம் ஆச்சு. இங்கன என்ன நிக்கீங்க?"

"மகேஸ்வரி மிஸ்ஸைப் பாக்கணும் சார்."

"அவங்க இன்னைக்குத் திடீர்னு லீவு போட்டுட்டாங்க. நீங்க ஃப்ரீயாத்தான இருக்கீங்க? அவங்க கிளாஸ் ஃபோர் பி, மாடியில. போங்க, போங்க. பிள்ளைக கூரையைப் பிய்க்குதுக."

நான் பெற்றோர் என்று சொல்லியிருக்கலாம். இரண்டு வார்த்தைதான். ஆனால் பள்ளிக்கூடத்தில் பெரிய மேசைக்குப் பின்னால் உட்காருகிறவர் ஒருவர் 'போ' என்றால், என் கால்கள் என்னைக் கேட்காமலே போய்விடும். பன்னிரண்டு வருடம் அவற்றை அப்படித்தான் பழக்கியிருந்தார்கள். மாடிப்படி ஏறி, வழியிலிருந்த வகுப்புகளை எட்டிப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. வரிசையாக மூன்று அறைகளில் என் சேலை பாடம் நடத்திக்கொண்டிருந்தது.

டீச்சர்களின் புதன்கிழமை யூனிஃபார்ம் சேலை அது. பள்ளிக்கு நெய்து வந்ததில் மிஞ்சியதைத்தான் கடைக்காரர் பாதி விலைக்குத் தள்ளியிருக்கிறார். அந்தப் பள்ளியில் டீச்சர்கள் வந்து போகிற வேகத்தில் பிரின்சிபாலுக்கு முகம் எதுவும் மனதில் நிற்பதில்லை, சேலைதான் தெரியும்.

ஃபோர் பி எழுந்து நின்று "குட் மார்னிங் மிஸ்" என்று இழுத்தது. முன்வரிசையில் இருந்த ஒரு பெண் கேட்டாள்: "நீங்க புது மிஸ்ஸா? எத்தன நாள் இருப்பீங்க?"

"ஏன் கேக்குத?"

"மொத மிஸ் ரெண்டு வாரம் இருந்தாங்க. அடுத்த மிஸ்ஸுக்குக் கல்யாணம் ஆயிருச்சு. மகேஸ்வரி மிஸ்ஸும் போயிருவாங்கன்னு பேசிக்கிடுதாவ."

பேச்சை மாற்றப் பின்னம் எடுத்தேன். பலகையில் ஒரு கடம்பூர் போளியை வரைந்து நான்காக வெட்டினேன்.

"போளியை யாரும் வெட்ட மாட்டாவ மிஸ். ஆளுக்கு ஒண்ணு" என்றது ஒரு குரல்.

"வீட்ல ஒரே ஒரு போளிதான் இருக்குன்னு வச்சிக்கோ."

"அப்பம் அம்மா எனக்கு வேண்டாம்னு சொல்லிருவா மிஸ்."

வகுப்பே ஆமாம் என்றது. பின்னம் அத்தோடு முடிந்தது. ஆனால் நாற்பது பேர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சொன்னதற்கு எதிர்ப்பேச்சு வந்தது. எனக்குத் தொண்டை காய்ந்தது. அது பேசிப் பேசிக் காய்ந்ததாக்கும்.

இடைவேளையில் நழுவிவிடத்தான் நினைத்தேன். அதற்குள் பக்கத்து வகுப்பு மிஸ் என்னை ஸ்டாஃப் ரூமுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார். டீ வந்தது, யார் டப்பாவிலிருந்தோ சுண்டல் வந்தது. எந்த ஊர், எத்தனை பிள்ளை என்று கேட்டார்கள். "பின்னை எங்கன குத்தியிருக்கீங்க மிஸ், மடிப்பு சரியுது பாருங்க" என்று ஒருவர் எழுந்து வந்து, என் தோளில் மடிப்பை நீவிச் சரிசெய்தார். வளர்ந்த ஆள் ஒருவரின் கை என் மேல் பட்டு எத்தனையோ நாளாகிவிட்டது. அழுகை வந்துவிடுமோ என்று பயந்து டீயை ஒரே மடக்கில் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டேன். மணி அடித்தபோது நழுவவில்லை. என் பிழை அதுதான்.

மதியம் நான் கடிகாரத்தைப் பார்க்கும்போது மணி பன்னிரண்டே முக்கால். ஜன்னல் வழியே கேட்டைப் பார்த்தேன். அங்கே ஒரே ஒரு எல்.கே.ஜி. குழந்தை, ஒரு மிஸ்ஸின் கையைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தது. என் குழந்தை. கைப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். படிக்கட்டு முனையில் பிரின்சிபால்.

"பீரியட் நடுவுல எங்க மிஸ் ஓடுதீங்க?"

"கீழ... ஒரு பாப்பா அழுதுட்டு..."

"அதையா கேக்கீங்க! பன்னெண்டரைக்கு விட்டாச்சு, இன்னும் அந்த அம்மாவைக் காணும். பொறுப்பே கெடையாது மிஸ் இவங்களுக்கு. வீட்ல சும்மாத்தான இருக்காவ? வந்து பிள்ளையைக் கூப்பிட என்ன வேலை?"

"ஆமா சார்" என்றேன். (சத்தியமாக நான்தான் சொன்னேன். தலையை வேறு ஆட்டினேன்.)

அப்போது என் பைக்குள் போன் அடித்தது. எடுக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் அடிக்கிற போனை எடுக்காமல் விடவும் எனக்குத் தெரியாது. அவசரத்தில் ஸ்பீக்கரையும் சேர்த்து அமுக்கிவிட்டேன்.

"ஹலோ, யாழினி அம்மாவா? எங்க இருக்கீங்க?"

"இங்கனதான் மிஸ்."

"இங்கனன்னா எங்கன? பஸ் ஸ்டாண்டா?"

"மாடியில."

கீழே எல்.கே.ஜி. மிஸ் நிமிர்ந்து பார்த்தார். யாழினியும் பார்த்தாள். "அம்மா!" என்ற அந்தக் கூப்பாட்டுக்கு ஃபோர் பி மொத்தமும் வாசலுக்கு வந்துவிட்டது.

அரை மணி நேரம் கழித்து, யாழினியை மடியில் வைத்துக்கொண்டு பிரின்சிபால் முன்னால் உட்கார்ந்திருந்தேன். போலீஸ் வரும் என்றே நினைத்தேன். அவருக்கு வேறு கவலை.

"அட்டெண்டன்ஸ்ல கையெழுத்துப் போட்டீங்களா?"

"இல்ல சார்."

அரை நாள் சம்பளம் மிச்சம் என்று நிம்மதியாகச் சாய்ந்துகொண்டார். "என்ன படிச்சிருக்கீங்க?"

"பி.எஸ்சி. மேத்ஸ். பி.எட். சேரலாமான்னு யோசிச்சுக்கிட்டு..."

"ஃபோர் பி இன்னைக்குத்தான் கொஞ்சம் சத்தமில்லாம இருந்துச்சு. நாளைக்கே வாங்களேன். பி.எட். இல்லாட்டி ஆறாயிரம். இருந்தா ஏழரை."

எந்த ரகசியத்துக்காக வந்தேனோ, அது கேட்காமலே கையில் விழுந்தது. அந்த நிலையிலும் என் தலை கணக்குப் போட்டது. பி.எட்.டின் விலை மாதம் ஆயிரத்து ஐந்நூறு. தொண்ணூறாயிரத்தை எடுக்க அறுபது மாதம். அதாவது ஐந்து வருடம் வேலை பார்த்தால் நான் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருவேன்.

அன்று சாயங்காலம் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். போனுக்குள் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, "அப்பம் பி.எட். எதுக்கு? அந்த ஆறாயிரத்துக்கே போயிரலாமே" என்றார்.

"அப்படிப் போனா ரெண்டு வாரத்துல விட்டுட்டு வந்துருவேன். வர்றவ எல்லாம் போயிருதாளாம், பிள்ளைக சொல்லுது. நான் நிலைச்சு இருக்கணும்."

"கணக்கு வருதா?"

"வரல." நோட்டை மூடிவிட்டுச் சொன்னேன்: "காலேஜ்ல ஒரு கிளாஸ்ல அம்பது பேர் இருப்பாவளாம். தெனமும்."

"வளையலை அடகு வச்சிரு" என்றார் அவர்.

இப்போது பி.எட். இரண்டாம் வருடம். எடுத்த முடிவு சரிதானா என்று வாரத்துக்கு இரண்டு முறை இன்னமும் சந்தேகம் வருகிறது. ஆனால் சொந்தக்காரர்கள் யாருக்கும் அந்தச் சந்தேகம் இல்லை, ஏனென்றால் எந்தக் கல்யாண வீட்டிலும் அத்தை இந்தக் கதையைச் சொல்லாமல் பந்தியிலிருந்து எழுவதில்லை. "எம் மருமக அரை நாள் வேலை பாத்துட்டு, அதுக்கு ரெண்டு வருசம் படிக்கா. நல்லவேளை, பிள்ளை அழுதுச்சு. முழு நாளும் பாத்திருந்தா நாலு வருசம்லா படிக்கணும்!"

அத்தை பள்ளிக்கூடப் பக்கமே போகாதவர். ஆனால் விகிதக் கணக்கில் பிழை சொல்ல முடியாது.