அல்லியின் மிச்ச நிழல்

இரட்டைச்சுடர் நாட்டுக்கு இரண்டு சூரியன்கள், இரண்டுமே அரசர்கள். ஒருவர் பெருஞ்சுடர், மற்றவர் நெடுஞ்சுடர். இருவருக்கும் வயதாகிவிட்டது. உள்ளே எரிய வேண்டியது எரிந்து தீர்ந்துபோய், பொன்னிறமாக ஊதிப் பருத்து, ஒருவரை ஒருவர் சுற்றிச்சுற்றி வந்தார்கள். தீராப் பகையால் சுற்றுகிறார்கள் என்று அரண்மனை சொன்னது. குடிகளும் நம்பினார்கள்.

அங்கே இரவு கிடையாது. பிறக்கும்போதே ஒவ்வொருவருக்கும் இரண்டு நிழல்கள். தேர்தலன்று சுண்ணாம்பு வட்டத்துக்குள் நின்று, யாருக்கு வாக்கோ அவரால் விழும் நிழலைக் கழற்றிக் கொடுக்க வேண்டும். அதிகாரி அதைப் பாய்போலச் சுருட்டிக்கொள்வார். அமைச்சர்கள் உண்ட மயக்கத்தில் அதன்மேல்தான் படுப்பார்கள். ஒருவருக்கே இருமுறை வாக்களிப்பது குற்றம் என்றொரு சட்டமும் இருந்தது. நியாயமான சட்டம் என்று ஊரே மெச்சியது.

அரச ஒளியை மறிக்கின்றன என்று முதலில் மரங்களை வெட்டினார்கள். பிறகு குடைகளை எரித்தார்கள். பிறகு, கண்ணை இடுக்கியவர்கள் சிரித்தபடி அண்ணாந்து நிற்க வேண்டும் என்று ஆணை வந்தது.

அல்லி சென்ற தேர்தலில் பெருஞ்சுடருக்கு வாக்களித்தவள். மிச்சம் ஒரே நிழல். அவளுடைய பல் முளைக்காத மகள் தளிர் அதில் மட்டுமே கண்ணயர்வாள். இப்போது மறுபடி தேர்தல்; தளிரைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றாள்.

“நெடுஞ்சுடர் வந்தா மரம் நடுவாராம்டி” என்றாள் வரிசையில் முன்னால் நின்ற மாதுளை.

“போன தடவ குளம் நிறையும்னாங்க. குளத்துல இப்ப மாடு படுத்திருக்கு” என்றாள் அல்லி.

வரிசையோரமாக ஊசி விற்றுவந்த வெளியூர்க்காரர் சிரித்தார். “எங்க ஊர்ல ராத்திரின்னு ஒண்ணு உண்டு தாயி. எல்லாம் இருட்டிடும். அப்ப அண்ணாந்தா உங்க ராசாவ வெறுங்கண்ணாலயே பார்க்கலாம்.”

“ரெண்டு பேர்ல யாரு பெருசா தெரியுறாரு?” என்று கேட்டாள் அல்லி.

“ரெண்டா? அங்கேருந்து ஒருத்தர்தான். சின்னப் பொட்டு மாதிரி. ரெண்டுங்கிறதே இங்க வந்துதான் கேள்விப்பட்டேன்.”

இருட்டு எப்படி இருக்கும் என்று அல்லி நினைத்துப் பார்த்தாள். குளிர்ந்த தண்ணீருக்குள் கண்ணைத் திறந்து கிடப்பதுபோல இருக்கும் என்று தோன்றியது. அந்த நினைப்போடே வட்டத்துக்குள் வந்து, தளிரைக் காலடியில் கிடத்தினாள்.

“குடிமகளே, உமது மேலான விருப்பத்தை அறிவிப்பீராக” என்றார் அதிகாரி.

“நான் போன தடவையே போட்டுட்டேங்க.”

“அது பெருஞ்சுடர்ப் பெருமானுக்கு. நெடுஞ்சுடர்ப் பெருமான் வேறு.”

“தூரத்துலேருந்து பார்த்தவரு ஒருத்தர்தான்னு சொல்றாரு. ஒருத்தருக்கு ரெண்டு தடவ போட்டா குத்தமாச்சே, ஐயா. உங்க சட்டந்தானே?”

அதிகாரி பதறவில்லை. அரசர் இருவர் என்று மெய்ப்பிக்க, ஒருவர் இட்ட ஆணையை மற்றவர் நீக்கியதாக ஒரு வரி இருந்தால் போதும் என்று கம்பீரமாக அறிவித்து, ஆணை ஏட்டைத் திறந்தார்.

முதல் ஏட்டிலிருந்து கடைசிவரை புரட்டினார். மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். வரிசையில் நின்றவர்கள் ஓசையில்லாமல் தரையில் உட்கார்ந்தார்கள்.

ஏடு புரளும் சத்தத்தில், அல்லியின் நிழலுக்குள், குழந்தை தூங்கிப்போயிருந்தது.