கிடங்குக்குக் காவல் ஒரே ஒரு சில்லு

வென்டல் சபதம் போட்டுட்டான். அதுவும் மைக் முன்னாடி. "ஒரு ஆட்டத்தை முழுசா ஆடி முடிக்காம அதைப் பத்திப் பேசுறவன் எல்லாம் பாட்காஸ்ட் நடத்தவே கூடாது! நான் பேசமாட்டேன்!"

உலகமே கேட்டுச்சு. உலகம்னா நாப்பத்திரெண்டு பேர்.

அந்தச் சபதத்துக்கு யாரு பலி? மேஜை. பால்டிமோர்ல அந்த ஒடுக்கமான வீட்டுல இருக்கிற ஒரே சாப்பாட்டு மேஜை. ஆகஸ்ட்டுல இருந்து அது மேல ரஷ்யா விரிஞ்சு கெடக்கு. பிரெஞ்சுப் படை ரஷ்யாவுக்குள்ள புகுந்து மாஸ்கோவைப் பிடிக்கப் போன பழைய போரை மேஜை மேல ஆடுற ஆட்டம். தேன்கூடு மாதிரி கட்டம் போட்ட வரைபடம், நகத்தளவு அட்டைச் சில்லு ஆயிரத்து இருநூறு, ஒவ்வொண்ணும் ஒரு படை. பிரெஞ்சுக்கும் அவனே ஆடுவான், ரஷ்யாவுக்கும் அவனே ஆடுவான். போதாக்குறைக்கு ரெண்டு பக்கமும் விதியைப் பத்திச் சண்டை வேற. நவம்பர் வந்துடுச்சு. மாஸ்கோ வரல.

வியாழக்கிழமை தேங்க்ஸ்கிவிங் பண்டிகை. விருந்துக்குப் பதினோரு பேர். பொண்டாட்டி லொரெய்னோட அம்மாவையும் சேர்த்து.

"வென்டல், வான்கோழியை எங்க வைக்கிறது? போலந்துலயா?"

"மேஜையைத் தொடாத! அடுத்தது நூறாவது பகுதி. இந்த ஆட்டத்தைப் பத்தித்தான். முடிச்சாகணும்."

"நாலு மாசமா முடிக்கிற."

"நல்ல பாட்காஸ்ட்னா என்னன்னு நெனச்ச? விதிப்புத்தகத்தைப் படிச்சுக் காட்டுறதா? ஒரு படையை ஏன் அங்க நகர்த்துனேன்னு மனசைத் தொறந்து காட்டணும். தோத்தா மறைக்கக் கூடாது. அதனாலதான் இதே பால்டிமோர்ல எனக்குன்னு ஒருத்தர் இருக்காரு. தொண்ணூத்தொம்பது பகுதியையும் கடைசி நொடி வரைக்கும் ஓடவிட்டிருக்காரு, கணக்கு காட்டுது! மத்த நாப்பத்தோரு பேரும் பத்து நிமிஷத்துல ஓடிடுறானுங்க. இவரு யாரோ வரலாற்றுப் பேராசிரியரா இருக்கணும்."

அந்தப் பேராசிரியரை நெனச்சாலே அவனுக்குக் கால் தரையில நிக்காது. உக்காருவான், எந்திரிப்பான், மேஜையைச் சுத்துவான். அவருக்குப் பிடிக்கலைன்னா என்ன பண்றது?

"சரி. ஆட்டம் முடிஞ்சா மேஜை எனக்கா?"

"முடிஞ்ச அந்த நிமிஷமே."

"யாரு முடிச்சாலும்?"

"யாரு முடிச்சாலும்."

"அப்ப நான் ரஷ்யா. சுத்தாம உக்காரு."

வென்டலுக்குச் சிரிப்பு தாங்கல. ஓடிப்போய் மைக்கைக் கொண்டுவந்து நடுவுல வச்சான். ஒண்ணும் தெரியாத ஆளு உளறுறதைக் கேட்டா பேராசிரியர் எப்படி ரசிப்பாரு!

பிரெஞ்சுப் படை மொத்தத்தையும் மாஸ்கோ பக்கம் தள்ளினான். "நேயர்களே, ரஷ்யா பின்வாங்குது!"

லொரெய்ன் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கிட்டே ஒரே ஒரு குதிரைப்படைச் சில்லை விரலால நகர்த்தினா. வடக்கே, ஈ காக்கா இல்லாத சதுப்பு நிலத்துல.

"அங்க எதுக்கு?"

"சும்மா. காத்து வாங்க."

மூணு முறை பகடை உருண்டுச்சு. அந்தக் குதிரை கிடங்குக்குள்ள போய் நின்னுச்சு. பிரெஞ்சுப் படை முழுசுக்கும் ரொட்டி போற கிடங்கு. காவலுக்கு இருந்தது ஒரு நோஞ்சான் சில்லு.

"சாப்பாடு நின்னுபோச்சு. அடுத்த முறை பாதிப் படை காலி, அதுக்கப்புறம் மீதி. ஆட்டம் முடிஞ்சுது. விதிப்புத்தகம், பக்கம் முப்பத்தொண்ணு. படிச்சுக் காட்டவா? அய்யோ, படிச்சுக் காட்டக் கூடாதுல்ல!"

"செல்லாது! சதுப்புல குதிரை போகாது!"

"ஆட்டத்துலயும் இப்ப நவம்பர். சதுப்பு ஒறைஞ்சு கெடக்கு."

வென்டல் கை மைக்கை அணைக்கிற பொத்தானுக்குப் போச்சு.

"கையை எடு. தோத்தா மறைக்கக் கூடாது."

"எந்த ஆட்டத்துலயும் கிடங்குக்கு ஒத்தைச் சில்லுதான் வைப்பேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"அறுபத்தொண்ணாவது பகுதி. ரெண்டு மணி நேரம் தாண்டிப் பதினாலாவது நிமிஷம். 'அதுதான் என் பலவீனம்'னு மனசைத் தொறந்து காட்டினியே."

வென்டல் குதிச்சான்.

"அப்ப அந்தப் பேராசிரியர் நீதானா! தொண்ணூத்தொம்பதும் கேட்டியா! கடைசி நொடி வரைக்கும்! தோத்தா என்ன லொரெய்ன், என் பாட்காஸ்ட் நல்லா இருக்கே!"

அவ ரஷ்யாவைச் சாய்ச்சுச் சில்லு பூராவையும் கேக் தட்டுல கொட்டிட்டு, மேஜை விரிப்பை உதறினா.

"படுத்ததும் அதைப் போட்டாத்தான் எனக்குத் தூக்கமே வருது கண்ணு. நான் தூங்குனப்புறம் அது பாட்டுக்குக் கடைசி வரைக்கும் ஓடும். அறுபத்தொண்ணு அன்னைக்கு மட்டும் தெரியாம காபி குடிச்சுட்டேன்."