உஷ் சார் இரவல் கொடுத்த மருந்து

மைசூரில் நான் இருந்த பதினோரு வருஷத்தில் என் காதில் விழுந்த மிகப் பெரிய சத்தம் தசராவின் பீரங்கி வெடி அல்ல. எங்கள் பேட்டைக் கிளை நூலகத்தில் அமைதியைக் காப்பாற்றுவதற்காக அரசாங்கம் சம்பளம் கொடுத்து வைத்திருந்த மனிதர் போட்ட சத்தம்தான்.

அவருக்கென்று ஒரு பெயர் இருந்திருக்கும். யாரும் அதைக் கேட்டதில்லை. பேட்டைக்கு அவர் ‘உஷ்’. மரியாதை தெரிந்தவர்களுக்கு ‘உஷ் சார்’. யாராவது இருமினால் போதும், உள்ளறையிலிருந்து “உஷ்ஷ்ஷ்!” என்று ஒன்று கிளம்பும். குக்கர் வெடித்துவிட்டதோ என்று எதிர்வீட்டு அம்மா அடுப்படிக்கு ஓடுவார். ஒரு தடவை கிறீச்சிட்ட மின்விசிறியைப் பார்த்து “உஷ்!” என்றார். அது நின்றுவிட்டது. கரண்ட் போன நேரம் அப்படி அமைந்தது என்று பின்னால் விளக்கம் சொன்னார்கள். அன்று அங்கே உட்கார்ந்திருந்த நாங்கள் யாரும் அதை நம்பவில்லை.

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர் பக்கத்து ஆள். எங்களைத் திட்டுவதற்குத் தமிழ், அதிகாரிகளிடம் கன்னடம், புத்தகம் திருடுகிறவர்களுக்கு இங்கிலீஷ் என்று மொழிகளைப் பிரித்து வைத்திருந்தார். புத்தகங்கள் அலமாரியில் இருப்பதற்காகவே பிறந்தவை, வாசகர்கள் அவற்றைக் கடத்திப் போக வருகிறவர்கள் என்பது அவருடைய கொள்கை.

நான் நூலகத்துக்கு மேல்மாடியில் இருந்த ஓர் ஆடிட்டர் ஆபீசில் டைப்பிஸ்ட். மதியம் டிபன் டப்பாவை மூடியதும் கீழே இறங்கிவிடுவேன். அங்கே வருகிற ஒரே தமிழ் வாரப் பத்திரிகைக்காகத்தான். அது வெள்ளிக்கிழமை வரும். திங்கட்கிழமை வரை உஷ் சார் படிப்பார். செவ்வாய்க்கிழமை என் கையில் கொடுப்பதற்கு முன்னால் கேட்பார்:

“கை கழுவியாச்சுங்களா, அம்மணி?”

“கழுவிட்டேன் சார்.”

“சோப்புப் போட்டா?”

நான் கையை நீட்டுவேன். அவர் முகர்ந்து பார்ப்பார். சத்தியமாகச் சொல்கிறேன், முகர்ந்தே பார்ப்பார். ஒரு தடவை ஊறுகாய் வாசனை வந்ததென்று என்னைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

இப்படிப்பட்டவரிடம்தான் ஒரு வருஷம் மழை ஆரம்பித்த வாரத்தில் சுகாதார டாக்டரம்மா வந்து மாட்டிக்கொண்டார்.

எங்கேயோ சாக்கடை உடைந்து குடிதண்ணீர்க் குழாயில் கலந்துவிட்டது. மூன்றே நாளில் பேட்டை முழுக்க வாந்திபேதி. கன்னடத்திலும் அதற்கு அதே பெயர்தான். மொழிச் சண்டைக்கு இடமே கொடுக்காத நோய். மாடிவீட்டுக்காரர்களை ஒரு கை பார்த்தது என்றால், பழைய மில்லுக்குப் பின்னால் தகரக் கொட்டகைகளில் இருந்த கட்டட வேலைக்காரர்களை இரண்டு கையாலும் பார்த்தது. பாதிப் பேர் தர்மபுரி, சேலம் பக்கத்துக்காரர்கள். சுகாதார நிலையம் என்பது ஓர் அறையும் ஒரு வராந்தாவும்தான். படிக்கட்டிலெல்லாம் ஆட்கள் சுருண்டு கிடந்தார்கள். பள்ளிக்கூடத்தில் பரீட்சை. கல்யாண மண்டபத்தில் கல்யாணம். மிச்சமிருந்த பொதுக்கட்டடம் எங்கள் நூலகம் ஒன்றுதான்.

டாக்டரம்மா நேராக வந்து கன்னடத்தில் சொன்னார். “நாளைக்குக் காலையில இருந்து இங்கேதான் மருந்து கொடுக்கப் போறோம். இந்த மேஜை எல்லாம் வேணும்.”

“ஆர்டர் இருக்கா மேடம்?”

“வரும்.”

“வரட்டும்.”

“ஆர்டர் வர்றதுக்குள்ள மூணு பேர் செத்துப்போவாங்க. உங்களுக்குப் பரவாயில்லையா?”

உஷ் சார் மேஜைகளையும் அலமாரிகளையும் பார்த்தார். கடைசியில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

“சரி. ஆனா லைப்ரரி ரூல்ஸ் மாறாது.”

டாக்டரம்மா சிரித்தார். வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்துவிட்டார், பாவம். ஊருக்குப் புதுசு.

மறுநாள் காலையில் எங்கள் ஆபீஸ் திறக்கவில்லை. ஆடிட்டரும் குளியலறையிலேயே குடியேறிவிட்டதாக அவர் வீட்டிலிருந்து தகவல். நான் கீழே இறங்கினேன். நூலகத்தில் மருந்துகள் எல்லாம் துறைவாரியாக அடுக்கியிருந்தன. தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் ‘இரவல்’ பகுதியில். குடத்துத் தண்ணீரில் போடுகிற குளோரின் மாத்திரைகள் சட்டப் புத்தகங்களுக்குப் பக்கத்தில். அங்கேதான் தெரியாமல்கூட யாரும் கை வைக்க மாட்டார்களாம். நோய் கண்டவர்கள் மூன்று நாள் விடாமல் சாப்பிட வேண்டிய மாத்திரை மட்டும் அகராதிகள் இருந்த இடத்தில், பழைய பலகைக்குக் கீழே. பலகை சொன்னது: ‘பார்வை நூல்கள். வெளியே எடுத்துச் செல்லக் கூடாது.’

வரிசையில் முதலில் வந்தது பூ விற்கிற ஓர் அம்மா. மாத்திரையை வாங்கி முந்தானையில் முடியப் போனார்.

“எங்கீங்க முடியறீங்க? இது ரெஃபரன்ஸ். இங்கியே முழுங்கோணும்.”

“வீட்டுக்குப் போயி கஞ்சி குடிச்சுட்டுப் போட்டுக்கறேன் சாமி.”

“கஞ்சிக்குப் பதிலா பன்னு இருக்குது. மொதல்ல கை கழுவுங்க. உம். தின்னாச்சா? முழுங்குங்க. வாயத் தொறங்க. நாக்கத் தூக்குங்க.”

பன் எங்கிருந்து வந்தது என்கிறீர்களா? பேக்கரிக்காரர் வாங்கிப் போய் இரண்டு வருஷமாகத் திருப்பித் தராத ஒரு சமையல் புத்தகத்தை உஷ் சார் அவருக்கு ஞாபகப்படுத்தியிருக்கிறார். கூடை கூடையாக வந்து இறங்கியது.

டாக்டரம்மா முதலில் தலையில் கை வைத்துக்கொண்டார். ஒரு மணி நேரம் நின்று பார்த்தபிறகு கையை எடுத்தார். “மாத்திரை வாங்கிட்டுப் போறவங்க பாதிப் பேர் அடுத்த தடவைக்கு ஆகும்னு பரண்ல போட்டுடுவாங்க. ஒரு வீட்டுல கோழிக்குக் கொடுத்திருக்காங்க. இந்த மனுஷன் பண்றதுதான் சரி” என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார். ஆனாலும் உள்ளேயிருந்து “உஷ்ஷ்ஷ்!” வந்தது.

சிக்கல் பதினோரு மணிக்கு ஆரம்பித்தது. மருந்து கொடுக்க வந்த உதவியாளர் ஒருவர், வார்டு பட்டியலில் பெயர் இல்லாதவர்களிடம் ரேஷன் கார்டு கேட்டார். கொட்டகைக்காரர்கள் ரேஷன் கார்டுக்கு எங்கே போவார்கள்? வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு சித்தாள் பெண் பேசாமல் வரிசையை விட்டு விலகி நடக்க ஆரம்பித்தாள்.

“ஏம்மா, நில்லு!” உஷ் சார் போட்ட சத்தத்தில் வரிசையே நின்றுவிட்டது. “லைப்ரரில ரேஷன் கார்டு கேக்கறதில்ல. மெம்பரா இருக்கோணும். அவ்வளவுதான்.”

“நான் மெம்பர் இல்லீங்களே.”

“ஆயிக்கலாம். பேரு சொல்லு. ஜாமீன் கையெழுத்துப் போட யாராவது இருக்காங்களா?”

“எங்களுக்கு இந்த ஊர்ல யாருங்க இருக்கா?”

உஷ் சார் பேனா மூடியைத் திருகினார். ஜாமீன்தாரர் என்ற இடத்தில் தன் கையெழுத்தைப் போட்டார். “அடுத்தது” என்றார்.

அன்றைக்கெல்லாம் நான் அட்டைகளில் பெயரும் விலாசமும் எழுதினேன், அவர் கையெழுத்துப் போட்டார். படிக்கத் தெரியாதவர்கள்தான் பெரும்பாலும். எல்லாரும் உறுப்பினர். மாலையில் அட்டை தீர்ந்துபோயிற்று. உஷ் சார் எழுந்து போய், தடிமனான ஒரு பழைய புத்தகத்தைக் கொண்டுவந்து, அதன் மேலட்டையைச் சரக்கென்று கிழித்தார். பக்கத்தின் மூலையை மடித்ததற்காக ஒரு ரிட்டயர்டு தாசில்தாரை வாசலில் நிற்க வைத்த மனிதர்! நான் வாயைப் பிளந்தேன்.

“என்ன பாக்கறீங்க? பதினஞ்சு வருஷமா இத ஒருத்தரும் எடுக்கல. இன்னிக்காவது ஆருக்காச்சும் ஒதவட்டும். சின்னச் சின்னதா வெட்டுங்க.”

மூன்றாம் நாள் மதியம், வந்துபோனவர்களின் அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்த உஷ் சார் ஓர் அட்டையில் நின்றார். முனியப்பன், டைல்ஸ் வேலை. முதல் நாள் வந்தவன், இரண்டாம் நாள் வரவில்லை, மூன்றாம் நாளும் இல்லை.

“ஊருக்குப் போயிருப்பான், விடுங்க சார்” என்றார் உதவியாளர்.

“சொல்லாமப் போகக் கூடாதில்ல? அம்மணி, வாங்க போகலாம்.”

“நான் எதுக்கு சார்?”

“விலாசம் நீங்கதான எழுதுனீங்க. எனக்கு ஓரெழுத்தும் புரியல.”

நாலு தெரு தள்ளிப் பாதி கட்டிய ஒரு வீடு. உஷ் சார் கீழே மணல் குவியல்மேல் நின்றுகொண்டு கத்தினார்: “முனியப்பா! உன்ற கெடு முடிஞ்சு ரெண்டு நாளாச்சு!” மாடியிலிருந்து ஒரு புறா மட்டும் பறந்தது. கைப்பிடியில்லாத படிகளில் ஏறினோம். சிமெண்ட் மூட்டைகளுக்கு நடுவே ஒரு சாக்கின்மேல் கிடந்தான். கண் இரண்டும் குழிக்குள் போயிருந்தன. உதடு வெடித்திருந்தது. கையைத் தொட்டேன், ஈரத்துணி மாதிரி சில்லென்று இருந்தது. பக்கத்தில் நாங்கள் கொடுத்த பொட்டலம் பிரிக்காமலே இருந்தது. பிரிக்கிற தெம்புகூட இல்லாமல் போயிருக்கிறது.

உஷ் சார் குனிந்தார். ஐந்தடி நாலங்குல மனிதர், அவனை மூட்டை மாதிரித் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் படிகளில் இறங்கினார். நான் பின்னால் அவன் காலைப் பிடித்துக்கொண்டு, பெயர் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டு வந்தேன்.

தெருவில் இரண்டு ஆட்டோக்கள் நிற்காமல் போய்விட்டன. மூன்றாவதுக்கு முன்னால் உஷ் சார் அவனைத் தோளில் வைத்தபடியே நடுரோட்டில் போய் நின்றார். “பேடா சார், சீட் எல்லாம் ஹாளாகுத்தே” என்றான் டிரைவர், சீட் கெட்டுவிடுமாம். உஷ் சார் முனியப்பனை என்னிடம் சாய்த்துவிட்டு, தன் சட்டையைக் கழற்றிச் சீட்டில் விரித்தார். “இப்ப நடி” என்றார். அதாவது கிளம்பு.

பனியனோடு உட்கார்ந்து, முனியப்பன் தலையை மடியில் வைத்துக்கொண்டார். அவன் கண் செருகியது. அவ்வளவுதான், ஆட்டோ அதிரக் கத்தினார்.

“டேய், தூங்காத! பேசு! எதாச்சும் பேசிட்டே இரு! ஊரு எது? பாப்பாரப்பட்டியா? அங்க என்ன இருக்குது? சத்தமாச் சொல்லு, கேக்கல!”

வாசகரிடம் பேசச் சொல்லி உஷ் சார் கெஞ்சியதை இந்த உலகத்தில் பார்த்தது நானும் அந்த டிரைவரும்தான். டிரைவருக்கு அதன் மதிப்புத் தெரிந்திருக்க நியாயமில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு கையிலும் சலைன் ஏற்றினார்கள். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் கஷ்டம் என்றார் அங்கிருந்த டாக்டர். உஷ் சார் பனியனோடு நின்றுகொண்டு, “இவனுக்கு ரெண்டு நாள் மாத்திரை பாக்கி இருக்குது. இங்க குடுப்பீங்களா, நான் கொண்டாரட்டுங்களா?” என்று கேட்டார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். முனியப்பன் பிழைத்துக்கொண்டான்.

ஒரு வாரத்தில் வரிசை சுருங்கியது. கொட்டகைகளில் யாரும் சாகவில்லை. நூலகத்தில் மருந்து கொடுப்பதை நிறுத்திய மறுநாள் கதவு திறக்கவே இல்லை. விசாரித்தால், உஷ் சாரே விழுந்துவிட்டார். ஊர் முழுக்கக் கை கழுவவைத்த மனிதர், ஆட்டோவிலிருந்து இறங்கிய அவசரத்தில் தன் கையைக் கழுவினாரோ இல்லையோ.

சாயங்காலம் போய்ப் பார்த்தேன். அதே ஆஸ்பத்திரி, அதே வார்டு. வெளியே கேட்டில் கொட்டகைக்காரர்கள் இருபது பேருக்கு மேல் நின்றார்கள். இரண்டு பேருக்கு மேல் உள்ளே விடமாட்டேன் என்று காவலாளி சண்டை. நர்ஸ் என்னைப் பார்த்ததும் புலம்ப ஆரம்பித்தார்: “நீங்க இவர் சொந்தமா? நேத்து ராத்திரி பூரா பெட் நம்பர் வரிசையா இல்லைன்னு ஒரே ரகளை. இன்னிக்கு வாயே திறக்கல. எனக்கு அதுதான் பயமா இருக்கு.”

உண்மைதான். கட்டிலில் கிடந்தவர் பாதியாக இருந்தார். கண்ணாடி இல்லாத முகம் யாரோ மாதிரி இருந்தது. “சார்” என்றேன். பதில் இல்லை. “லைப்ரரி பூட்டி இருக்கு சார். சாவி பத்திரமா இருக்கு.” அதற்கும் இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் என் பையிலிருந்த ஓர் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைப் பிரித்து, அங்கிருந்த ஜாடியில் கரைத்து, தலையைத் தூக்கிப் பிடித்து ஒரு வாய் கொடுத்தேன்.

மெதுவாக விழுங்கினார். பிறகு முகத்தைச் சுளித்தார்.

“தண்ணி ஜாஸ்தி ஊத்திட்டீங்க, அம்மணி. ஒரு பொட்டலத்துக்கு ஒரு லிட்டர்னு அதுலயே போட்டிருக்குது. படிக்கத்தான தெரியும் உங்களுக்கு?”

“தெரியும் சார்” என்றேன். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு போய், ஒரு லிட்டரைச் சரியாக அளந்து, மறுபடி முதலிலிருந்து கரைத்துக்கொண்டு வந்தேன்.