சர்புலான் என்ற பெயருக்கு அர்த்தம்

கொழும்பில் இருக்கும் அருமை மகன் ஸஜாதுக்கு, கல்முனையிலிருந்து உன் சாச்சி சபியா உம்மா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். றப்புடைய கிருபையால் இங்கு அனைவரும் நலம். என் மகள், உன் தங்கச்சி சுல்பிகாவுக்கு ஆண் குழந்தை கிடைத்து, தாயும் பிள்ளையும் சுகமாக இருக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். போன் எடுத்தா படம் புடிக்கிறன் எண்டு வெச்சிடுறாய், அதால கடதாசியில எழுதுறன், இருந்து வாசி.

மகன், நீ எடுத்த படத்தில வாற வீரனுக்கு சர்புலான் எண்டு பெயர் வெச்சியே, அதால நான் பட்ட பாடு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். சுல்பிகாட மாமனார் பக்கீர் முகைதீன் ஹாஜியார் அந்தப் படத்தப் பாத்து அழுதுபோட்டு, பேரனுக்கு இந்தப் பெயர்தான் எண்டு ஒரே புடியில நிக்கிறார். அர்த்தம் தெரியாம பெயர் வெக்கப்படாது எண்டு ஹாஜியார மௌலவிட்ட அனுப்பினன். அவர் கிதாபெல்லாம் புரட்டிப் பாத்து, அரபு இல்ல, பாரசீகமா இருக்கும், வீரமான அர்த்தமாத்தான் வரும் எண்டுட்டார். ஹாஜியார் இன்னும் நிமிந்துட்டார். நம்மட ஆட்டுப்பட்டியில உள்ளதுக்கெல்லாம் பெயர் வெச்சவன் நீதானே. கம்பஸ் லீவுல வந்து, ஆட்டுக்குட்டி கஞ்சி உறிஞ்சக்குள்ள சர்ர், புல்ல் எண்டு சத்தம் வருது எண்டு சர்புலான் எண்டாய். அந்த அர்த்தத்த மௌலவிக்கு முன்னால எப்பிடிச் சொல்ற?

மறுகா கேள். புள்ள பொறந்ததுக்கு அறுத்துக் குடுக்கிற அகீகாவுக்குக் கடா வேணும், சம்பந்தி வீட்டில இருக்கக்குள்ள வெளியில ஏன் வாங்குவான் எண்டு ஹாஜியார் பட்டிக்கே வந்து, கொழுத்த கடாவக் காட்டி இதுதான் எண்டார். சர்புலானுக்காக சர்புலான அறுக்கிறதா? பதறிப்போய்க் கஞ்சிச் சட்டியத் தூக்கிட்டன், தூக்கின பழக்கத்தில வாயும் சர்புலான் எண்டு கூப்பிட்டுட்டு. கடா பாஞ்சு வந்து ஹாஜியாரத் தள்ளிப்போட்டு சட்டிக்குள்ள தலைய விட்டிச்சு. சர்ர், புல்ல். ஹாஜியார் சட்டியப் பாத்தார், கடாவப் பாத்தார், என்னப் பாத்தார்.

"சபியா, இதுக்கு எத்தின வயசு?"

"படத்துக்கு மூத்தது, ஹாஜியார்."

தாடியத் தடவிக்கொண்டு, "புள்ளைக்கு வேற பெயர் பாப்பம். இவன அறுக்கவும் வேணாம்" எண்டார். எனக்குப் போன உசிர் வந்திச்சு மகன். உள்ளுக்கு ஓடி றப்புக்கு நன்றியா ஷுக்ரு ஸுஜூது செஞ்சன். மாவடிப்பள்ளியில வேற ரெண்டு கடா பேசியாச்சு. நாளைக்கு அகீகா, பெயரும் நாளைக்குத்தான். நெஞ்சில இருந்த கல்லு இறங்கிட்டு.

உன்ட கையில பரக்கத்தும், ஈமானுள்ள ஒரு பொண்டாட்டியும் அல்லாஹ் தருவானாக. உன் உம்மாவுக்கு ஸலாம் சொல்லு.

சாச்சி,
சபியா உம்மா

பி.கு: கடிதத்த ஒட்டக்குள்ள ஹாஜியார் கோல் எடுத்தார். அதே படத்தில வீரனுக்குப் புத்தி சொல்ற பெரியவர்ட பெயர் குல்தமூர், அதையே வெப்பமாம், மௌலவியும் சரி எண்டுட்டாராம். நீ அதே பெயர் வெச்ச சேவலக் கூடையால மூடி, பக்கத்து வீட்டு ஆசியா உம்மாட குசினிக்குள்ள ஒளிச்சு வெச்சிருக்கன். அதுக்குப் பெயரக் கேட்டா கூவுற பழக்கம். நாளைக்குப் புள்ளைட காதில பெயர் சொல்லக்குள்ள அது கூவாம இருக்க துஆ செய்.