முன்னால் ஒரு கேமரா, பின்னால் ஒரு கேமரா

புதுக் கார் வாங்கிய எவனும் அன்று முதல் மனிதர்களை நம்புவதில்லை. தெருவில் போகிற ஒவ்வொருவர் கையிலும் ஓர் ஆணி இருப்பதாகவே அவனுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. தோன்றியதில் தவறே இல்லை என்று இன்றைக்கும் சொல்வேன், ஏனென்றால் கீறல் விழுந்தது உண்மை.

பாளையம்பட்டியில் எங்கள் வீடு தெருவை ஒட்டி நிற்கிறது. காரை உள்ளே விட இடம் கிடையாது. நான் காரியாபட்டியில் இயற்பியல் வாத்தியார். தினமும் பஸ்ஸில் போய் பஸ்ஸில் வருகிறவன். (கார் இருந்தும் பஸ்ஸா என்று கேட்காதீர்கள். புது வண்டியைப் பத்தாம் வகுப்புப் பையன்கள் நடுவில் கொண்டுபோய் நிறுத்த எனக்கென்ன பைத்தியமா?) ஆக, பகல் முழுக்க என் வெள்ளைக் கார் வாசலில் தனியாக நிற்கும்.

ஒருநாள் சாயங்காலம் வந்து பார்க்கிறேன், பானெட்டின் மேல் பிறை நிலா மாதிரி ஒரு கீறல். கொஞ்ச நாளில் அதன் பக்கத்திலேயே இன்னொரு பிறை. பிறகு பின் பம்பரில் ஒரு பள்ளம். எனக்கு ரத்தம் கொதித்தது. நாகரிகமான மனிதர்கள் வாழும் தெருவா இது?

யார் செய்திருப்பார்கள் என்பதில் எனக்கு இம்மியும் குழப்பம் இல்லை. எதிர்வீட்டுத் தங்கப்பாண்டிதான். லோடு வேன் வைத்திருக்கிறார். "சார், கொஞ்சம் தள்ளி விட்டீகன்னா வேன திருப்ப தோதா இருக்கும்" என்று ஒருமுறை சொன்னவர். சொல்லும்போது சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு அப்போதே பிடிக்கவில்லை. போதாததற்கு அவர் கையில் எஃகுக் காப்பு ஒன்று போட்டிருந்தார். காப்பு வட்டம். கீறல் பிறை. இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

"அவர் மேல சும்மா பழி போடாதீங்க" என்றாள் என் மனைவி எஸ்தர்.

"சும்மா போட மாட்டேன். ஆதாரத்தோட போடுவேன்" என்றேன்.

அன்று ஆரம்பித்தது ஆராய்ச்சி. காருக்குள் வைக்கிற கேமராக்களைப் பற்றி உலகத்தில் யார் யார் வீடியோ போட்டிருக்கிறார்களோ அத்தனை பேரையும் பார்த்தேன். சாப்பிடும்போது பார்த்தேன். ஜெபத்தின்போது சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பார்த்தேன். பிறகு மதுரைக்குப் போய், கார் சாமான் விற்கும் கடை ஒன்றில் உட்கார்ந்தேன்.

"ஓட்டும்போது பதியணுமா சார், நிறுத்தி வச்சிருக்கும்போதுமா?" என்றார் கடைக்காரர்.

"நிறுத்தி வச்சிருக்கும்போதுதான். ஓட்டும்போது நானே பாத்துக்கிருவேன்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு விளக்கினார். வண்டி அணைந்த பிறகும் கேமரா ஓட வேண்டுமானால் பியூஸ் பெட்டியிலிருந்து தனியாக வயர் இழுக்க வேண்டும். காரின் பேட்டரி இறங்க ஆரம்பித்தால் தானாக அணைகிற ஏற்பாடும் வேண்டும், இல்லாவிட்டால் காலையில் வண்டியைத் தள்ளத்தான் வேண்டும். கேமராவுக்குள்ளேயே சின்ன பேட்டரி இருக்கிற ரகம் நம் ஊர் வெயிலுக்கு உப்பிவிடும், கெப்பாசிட்டர் வைத்ததுதான் தாங்கும். நான் வாத்தியார் தோரணையில் தலையாட்டினேன்.

"யாராவது இடிச்சா மட்டும் பதியணுமா, ஆள் அசைஞ்சாலே பதியணுமா?"

"ரெண்டும்."

"முன்னாடி மட்டும் போதுமா?"

"பின்னாடியும்."

"பேச்சுச் சத்தம்?"

"அதுவும்தான்!" என்று மேசையில் தட்டினேன். பின் கண்ணாடியில் ஒட்டியிருந்த கறுப்புத் தாள் கேமராவை மறைக்கும் என்றார். அதையும் பிய்க்கச் சொன்னேன். நீதிக்காகக் கொஞ்சம் வெயில் அடித்தால் என்ன?

வீட்டில் "ரோட்டுல ஆக்சிடெண்ட் ஆனா காட்டுறதுக்கு" என்று மட்டும் சொல்லி வைத்தேன். நிறுத்தி வைத்தாலும் ஓடும் என்று ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. விட்டால் எஸ்தர் எதிர்வீட்டில் சொல்லிவிடுவாள், குற்றவாளி உஷாராகிவிடுவார்.

காத்திருந்தது வீண் போகவில்லை. மூன்றாவது பிறை விழுந்தது. பம்பரில் இரண்டாவது பள்ளமும் விழுந்தது. அதைப் பார்த்து அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு. சொந்தக் காரில் பள்ளம் விழுந்ததற்குச் சந்தோஷப்பட்டவன் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இங்கேதான் நான் ஒன்று செய்தேன். பதிவை நான் முதலில் பார்க்கவில்லை. பொதுத்தேர்வு வினாத்தாள் கட்டைச் சாட்சிகள் முன்னால்தானே பிரிக்கிறோம்? அதுபோல இதையும் எல்லோர் முன்னாலும்தான் திறப்பது என்று முடிவு செய்தேன். பின்னால் யாரும் வாய் திறக்கக்கூடாது பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் தங்கப்பாண்டியையும் அவர் மனைவி முத்துலட்சுமியையும் டீ குடிக்கக் கூப்பிட்டேன். நடுநிலைச் சாட்சியாக என் மாமனார் ஞானமுத்துவை உட்கார வைத்தேன். அவர் திருச்சுழியில் சபை மூப்பர். ஒவ்வொரு வாரமும் மகளைப் பார்க்க மொபெட்டில் வந்துவிடுவார். பொய்யே பேசாதவர் என்று பெயர். காது கொஞ்சம் மந்தம், அதனால் எதையும் கத்தித்தான் பேசுவார்.

எஸ்தர் அடுப்படியில் இருந்தாள். நான் மெமரி கார்டை டி.வி.யில் செருகி, எழுந்து நின்று பேசினேன்.

"அண்ணே, என் கார யாரோ கீறுறாங்க. இடிக்கிறாங்க. யாருன்னு இப்ப எல்லாருமே பாப்போம்."

"பாப்போம் சார்" என்றார் தங்கப்பாண்டி நிதானமாக. என்ன நெஞ்சழுத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் முன் கேமரா. கோழி ஒன்று போனது. ஒரு பையன் கார்க் கண்ணாடியில் தலை சீவினான். பிறகு ஒரு சேலை வந்தது. சேலைக்கு மேல் எஸ்தர் வந்தாள். கையில் பெரிய எவர்சில்வர் தாம்பாளம், அது நிறைய கூழ்வற்றல். அதைப் பானெட்டின் மேல் வைத்தாள். உள்ளே போனாள். வெயில் நகர்ந்ததும் மறுபடி வந்து, தாம்பாளத்தைக் கரகரவென்று இழுத்து வெயிலில் வைத்தாள். அந்தச் சத்தம்கூடத் துல்லியமாகப் பதிந்திருந்தது. நல்ல கேமரா.

அதே நேரத்தில் எஸ்தர் அடுப்படியிலிருந்து டீயோடு வந்தாள். தட்டில் பொரித்த கூழ்வற்றல்.

முத்துலட்சுமி ஒரு வற்றலை எடுத்துக் கடித்தார். நொறுக்கென்று கேட்டது.

"மாடியில போட்டா புறா கொத்துதுங்க" என்றாள் எஸ்தர், டி.வி.யைப் பார்த்தபடியே. "இதுல போட்டா ஒரே மத்தியானத்துல காஞ்சிருது."

நான் சுதாரித்துக்கொண்டேன். "சரி. அது கீறல். பம்பர்ல பள்ளம் விழுந்துச்சே, அது யாரு?" என்று பின் கேமராவைத் திறந்தேன். (அங்கேயே நிறுத்தியிருக்கலாம். மாமனார்கூட "போதும் மாப்ள, வெயில் ஏறுது, நான் கெளம்புறேன்" என்றார். நான்தான் தோளைப் பிடித்து உட்கார வைத்தேன்.)

தெருமுனையிலிருந்து ஒரு மொபெட் வந்தது. இரண்டு காலையும் தரையில் தேய்த்துக்கொண்டே வந்தது. நேராக என் பம்பரில் முட்டி நின்றது. இறங்கியவர் சபை மூப்பர். பம்பரைத் தடவிப் பார்த்துவிட்டு, தெருவுக்கே கேட்கிற குரலில் கூப்பிட்டார்.

"எஸ்தரு! லேசா தட்டிருச்சும்மா!"

"மறுபடியுமாப்பா? பிரேக்க சரி பண்ணுங்கன்னு சொன்னேன்ல? அவுக வந்து கேட்டா என்ன சொல்றது?"

"எதிர்வீட்டு ஆளு மேல சந்தேகப்பட்டுக்கிட்டு இருக்காருல்ல? அது அப்படியே இருக்கட்டும்."

"பாவம்ப்பா அந்த அண்ணன்."

"வேன் வச்சிருக்கவுகளுக்கு இதெல்லாம் சகஜம்மா."

பதிவு முடிந்தது. தங்கப்பாண்டி டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்து வந்து அடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"சார், அந்தக் கடைசிப் பேச்ச இன்னொருக்கா போடுங்க" என்றார்.

போட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் வீடு அதிர்ந்தது. முத்துலட்சுமிக்குப் புரையேறியது. எஸ்தருக்கும் அடக்க முடியவில்லை. நான் எழுந்து, "அண்ணே, தப்பா நெனச்சுட்டேன், மன்னிச்சிருங்க" என்றேன்.

"அதனால என்ன சார். கார மட்டும் கொஞ்சம் தள்ளி விடுங்க" என்றார் அவர்.

அடுத்து என் மாமனார் தொண்டையைச் செருமினார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன்.

"ஏன் மாப்ள, வீட்டு மனுசங்கள ஒளிஞ்சிருந்து படம் புடிக்கிறது நல்ல பழக்கமா?"

"அதான! எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல பாருங்க" என்றாள் எஸ்தர். எதிர்வீட்டுத் தம்பதியும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். கீறல் விழுந்தது என் காரில். பள்ளம் விழுந்தது என் பம்பரில். விசாரணை மட்டும் எனக்கு! இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

இன்றுவரை அந்தக் காரிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. போன வருஷம் திருச்சுழியில் மச்சினன் கல்யாணம். குடும்பப் படம் எடுக்க எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்தார்கள். போட்டோக்காரர் கேமராவைத் தூக்கியதும் மாமனார் இரண்டு கையையும் மேலே உயர்த்திக்கொண்டு, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி கத்தினார்:

"மாப்ள, பாத்துக்கோங்க, நான் எதுலயும் முட்டல!"

அந்தப் படம் இப்போது எங்கள் ஹாலில் தொங்குகிறது. வந்தவர்களுக்கெல்லாம் எஸ்தர் கதையோடு சேர்த்துக் காட்டுகிறாள். படத்தில் பொண்ணு மாப்பிள்ளை முதல் சமையல்காரர் வரை வாயைத் திறந்து சிரிக்கிறார்கள். ஓரத்தில் பட்டு வேட்டியில் ஒருவன் மட்டும் முறைத்துக்கொண்டு நிற்கிறான். பின்னே, முறைக்காமல் என்ன செய்வதாம்?