தொண்ணூறு வினாடி ராஜா

விளையாட்டை வேலையாகச் செய்து பேர் வாங்கியவர்கள் உலகத்தில் உண்டு. வேலையை விளையாட்டாகச் செய்து பென்ஷன் வாங்கியவர்களும் உண்டு. இரண்டையும் ஒரே நாற்காலியில், ஒரே சம்பளத்தில், ஒரே மின்விசிறிக்குக் கீழே செய்துகாட்டிய மகான் ஒருவர்தான். அவர் பெயர் ரமணன். கேரள எல்லைக்குள், அமரவிளைக்கும் தனுவச்சபுரத்துக்கும் நடுவே, பெயரைச் சொன்னால் கூச்சப்படக்கூடிய ஒரு வில்லேஜ் ஆபீசில் அவர் வில்லேஜ் ஆபீசர்.

சாமானியக் குடும்பம் அல்ல. மகாராஜா காலத்திலிருந்தே கணக்கு எழுதிய சைவக் குடும்பம். அவருடைய முப்பாட்டனார் எழுதிவைத்த ஓலைகளை இன்றுவரை எவராலும் வாசிக்க முடியவில்லை என்பது குடும்பத்துக்கே பெருமை. அந்த மரபில் வந்த ரமணனிடம் போன கோப்பும் சுலபத்தில் வெளியே வந்ததில்லை.

அந்த வட்டாரத்து வருவாய் ஊழியர்களுக்கு ஒரு மனமகிழ் மன்றம் உண்டு. ஒரு கேரம் போர்டு, ஒரு தலைவர், வருடத்துக்கு ஒரு கூட்டம். காலத்தோடு சேர்ந்து நடக்க வேண்டும் என்று மன்றத்துக்குத் திடீரென்று ஞானம் பிறந்து, ‘ஆண்டின் சிறந்த கணினி விளையாட்டுகளும் விரிவாக்கங்களும்’ என்ற தலைப்பில் டிசம்பர் கூட்டத்தில் ஓர் அறிக்கை வாசிக்கத் தீர்மானம் போட்டது. அதற்கு ஓர் ‘ஆய்வுக் குழு’. குழுவின் தலைவர் ரமணன். உறுப்பினர் ரமணன். செயலாளர் பதவிக்குத்தான் கொஞ்சம் தயக்கம் இருந்தது; ரமணன் ரமணனிடம் பேசி ஒப்புக்கொள்ள வைத்தார்.

தீர்மானத்தின் நகல் ஆபீஸ் பலகையில் ஒட்டப்பட்ட மறுநாளே, ஒரு பெரியவர் நிலத்தின் ஆதாரப் பத்திரம், வரைபடம் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு ஓடிவந்தார்.

“எலே விஜயதாஸே, இந்த விரிவாக்கத்துல எனக்க முற்றம் போவுமா?”

விஜயதாஸ் அந்த ஆபீசின் ஒரே சிப்பந்தி. பொறுமைசாலி.

“இது ரோடு விரிவாக்கம் இல்ல அண்ணே. விளையாட்டு விரிவாக்கமாக்கும்.”

“விளையாட்டுக்கும் இடம் எடுக்காவளா?”

“எடுக்காவ. சாருக்க கம்ப்யூட்டர்லயாக்கும் எடுக்காவ.”

விரிவாக்கம் என்றால் இதுதான்: ஒரு விளையாட்டு முடிந்துவிட்டால் வேலைக்குத் திரும்ப வேண்டி வருமே என்று அஞ்சுகிறவர்களுக்காக, அதே விளையாட்டில் புதிதாகச் சேர்த்துத் தரும் பகுதி. ரமணன் எதற்கும் அஞ்சாதவர். இதற்கு மட்டும் அஞ்சினார்.

ஜனவரியில் ஆய்வு தொடங்கியது. காலை பத்தேகாலுக்கு வருவார். பத்தரைக்குத் திரையில் இறங்கிவிடுவார். ‘தென்னந்தோப்பு’ என்ற விளையாட்டுக்கு ஒரு மாதம் கொடுத்தார். அதில் தேங்காய் பறிக்கக் கூப்பிட்ட உடனே ஆள் வந்துவிடுவதால், ‘நம்பகத்தன்மை இல்லை’ என்று குறித்து இரண்டு நட்சத்திரம் போட்டார். ‘லாரி யாத்திரை’யில் லாரி நெய்யாற்றின்கரை போன்ற ஓர் ஊரை நெரிசல் இல்லாமல் மூன்று நிமிடத்தில் கடந்தது. ‘கற்பனை வரம்பு மீறுகிறது’ என்று எழுதினார். ‘ஆழ்கடல் வேட்டை’யில் அவர் எண்பது கிலோ சூரை மீன் பிடித்த அன்று ஆபீசுக்கு வந்த எல்லோரும் அதைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பிப் போனார்கள். வேறு எந்தக் காரியமும் நடக்காததால் அவர்களும் எதையாவது பார்க்க வேண்டியிருந்தது.

பிறகுதான் ‘ராஜமுத்திரை’ வந்தது.

அதில் நீங்கள் ஒரு சிறு நாட்டின் ராஜா. பிரஜைகள் மனுவோடு வரிசையில் நிற்பார்கள். ஒவ்வொருவர் மனுவையும் தொண்ணூறு வினாடிக்குள் படித்து முத்திரை குத்த வேண்டும். தாமதமானால் பிரஜையின் முகம் சிவக்கும். மூட்டையைக் கட்டிக்கொண்டு அடுத்த ராஜ்யத்துக்குப் போய்விடுவார். ராஜாவுக்குத் தரம் இறங்கும். போன் உள்ள யாரும் எந்த ராஜ்யத்திலும் பிரஜையாகக் குடியேறலாம்.

ரமணன் தம் நாட்டுக்கு ‘ரமணபுரி’ என்று பெயர் வைத்தார். அங்கே அவர் முத்திரை குத்திய வேகத்தைப் பார்த்தவர்கள் இது வேறு ஆளோ என்று சந்தேகப்பட்டார்கள்.

பார்த்தவர்களில் முக்கியமானவர் ஸ்ரீகுமாரி. தனுவச்சபுரத்தில் தையல் கடை வைத்திருப்பவர். அவருடைய அப்பா பொன்னையன் ஏழு சென்ட் நிலம் வாங்கி, போக்குவரவுக்கு மனுப் போட்டிருந்தார். அந்தப் பக்கத்தில் போக்குவரவு என்றால் பஸ் அல்ல. அரசாங்கப் பதிவேட்டில் நிலத்தை விற்றவர் பேரிலிருந்து வாங்கியவர் பேருக்கு மாற்றுவது. அது நடந்தால்தான் நிலத்துக்குத் தம் பேரில் கரம் கட்டி ரசீது வாங்க முடியும். பொன்னையனுக்கு ஒரே ஆசை, சாவதற்கு முன் ஒரு தடவையாவது தம் பேரில் வரி கட்டிவிட வேண்டும். பாரத தேசத்திலேயே வரி கட்ட ஏங்கிய ஒரே மனிதர் அவராகத்தான் இருக்க வேண்டும். அரசாங்கம் அவரை ஒன்றேகால் வருடம் நடக்கவிட்டது. கால் வீங்கிய பிறகு மகள் வந்து நின்றார்.

ரமணனின் நாற்காலிக்குப் பின்னால் ஒரு கண்ணாடிக் கதவு பீரோ. அந்தக் கண்ணாடியில் கம்ப்யூட்டர் திரை இடம் வலம் மாறித் தெளிவாகத் தெரியும். கவுண்டருக்கு வெளியே நிற்கிறவருக்கு வேறு பார்க்க என்ன இருக்கிறது? ஸ்ரீகுமாரி பார்த்தார். மாதக்கணக்கில் பார்த்தார். ஜூன் மாதம் ஒருநாள் தன்னையறியாமல் வாய் திறந்தார்.

“சாரே, அந்தச் செவப்புத் தலப்பாக்காரர முதல்ல விடுங்க. அவருக்கு இன்னும் எட்டு செகண்டுதான் உண்டு.”

ரமணன் பதறி முத்திரையைக் குத்தினார். பிரஜை தப்பினார். ராஜா திரும்பிப் பார்த்தார்.

“உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“வந்து நிக்கதுல படிச்சதாக்கும் சாரே.”

“நல்ல ஞானம் உண்டு உங்களுக்கு. விஜயதாஸ், ஒரு நாற்காலி போடு!”

அந்த ஆபீசின் சரித்திரத்தில் கவுண்டருக்கு வெளியே போடப்பட்ட முதல் நாற்காலி அது. ஸ்ரீகுமாரி உட்காரவில்லை.

“சாரே, எனக்க அப்பனுக்க போக்குவரவு…”

“அது பத்திரமா உண்டு. எங்கயும் போவாது.”

“அதுதான் சாரே எனக்குப் பயம்.”

அன்று முதல் ஸ்ரீகுமாரி ரமணபுரியின் சம்பளமில்லாத மந்திரி. அவர் சொல்லச் சொல்ல ராஜாவின் தரம் ஏறியது. இங்கே ரமணனின் நிர்வாகத் திறமையை நாம் வணங்க வேண்டும். கோப்பில் ஓர் ஒப்பம் மட்டுமே பாக்கி. அதைப் போட்டுவிட்டால் ஸ்ரீகுமாரி பிறகு எதற்கு வரப்போகிறார்? நாட்டு நலனைக் கருதி, பொன்னையனின் கோப்பை மேசையின் மூன்றாவது இழுப்பறையில் தனி மரியாதையோடு வைத்துப் பூட்டினார்.

ஆடி மாதம், மழை அடித்து ஊற்றிக்கொண்டிருந்தபோது, ராஜமுத்திரைக்கு விரிவாக்கம் வெளியானது. அதன் பெயர் ‘மண்ணும் மனிதரும்’. முதல் மனுவிலேயே ஒரு கிழவர் தடியூன்றி வந்தார். ‘மகாராஜா, நான் கண் மூடும் முன் என் பேரில் ஒரு பிடி மண் வேண்டும்’ என்றார். ஒன்பது வினாடியில் முத்திரை விழுந்தது. கிழவர் மண்ணை அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ரமணன் தேம்பிவிட்டார்.

சாயா கொண்டுவந்த விஜயதாஸ் பயந்துபோனார்.

“என்ன சாரே, கண்ணுல?”

“ஒரு வயசாளி, விஜயதாஸ். நடந்து நடந்து காலு தேஞ்சு போச்சு. இந்த மனுசன இவ்வளவு காலம் எந்தப் பாவியோ அலைய விட்டிருக்கான்.”

விஜயதாஸ் மூன்றாவது இழுப்பறையைப் பார்த்தார். சாயாவை வைத்துவிட்டுப் போனார்.

அந்த வாரம் முழுக்க ஸ்ரீகுமாரி வரவில்லை. திங்கட்கிழமை வந்தபோது ராஜா கோபமாக இருந்தார்.

“எங்க போனீங்க? நீங்க இல்லாம மூணு பேரு போயாச்சு.”

“எனக்கும் ஒரு ஆளு போயாச்சு சாரே. அப்பன்.”

ரமணன் எழுந்து நின்றார். மௌன அஞ்சலி. அது முடிந்ததும், கருணை பொங்கும் குரலில் சட்டத்தை விளக்கினார்: இறந்தவர் நேரில் ஆஜராகி ஒப்பமிட இயலாததால் பழைய மனு இனி நிற்காது. மரணச் சான்று, வாரிசுச் சான்று, புது மனு, எல்லாம் முதலிலிருந்து.

“அப்பம், அவருக்க பேரு ரிஜிஸ்டர்ல ஒருநாளும் வராதா சாரே?”

“காலம்சென்ற பொன்னையன்னு வரும். மகளுக்க பேருக்கு முன்னால.”

ஸ்ரீகுமாரி அழவில்லை. வெளியே போய் பெஞ்சில் உட்கார்ந்தார். அந்தப் பெஞ்சிலும், இடமில்லாமல் வராந்தாப் படியிலும், ஒவ்வோர் ஒப்பத்துக்காகக் காத்துக்கிடந்தவர்கள் நாற்பது பேர். அவர் ஒவ்வொருவர் போனையும் வாங்கி என்னவோ செய்துகொடுத்தார். தானும் ஆடினார். கண்ணாடியில் பார்த்துப் படித்த படிப்பு அல்லவா, முதல் இரண்டு நாள் கை இடதுக்கு வலதாகவே போயிற்று. பிறகு சரியாகிவிட்டது.

ரமணபுரியில் ஜனத்தொகை நாற்பத்தொன்று கூடியது. கிணறு கேட்டார்கள், கிடைத்தது. கன்றுக்குட்டி கேட்டார்கள், கிடைத்தது. ஒருவர் யானை கேட்டுப் பார்த்தார், அதுவும் வந்தது. நவம்பருக்குள் ரமணன் தென்மண்டலத்தின் முதல் ராஜா. விளையாட்டு அவருக்குக் ‘கருணைக் கடல்’ என்ற பட்டம் கொடுத்தது. அறிக்கையில் ஆண்டின் சிறந்த விளையாட்டு ராஜமுத்திரை, சிறந்த விரிவாக்கம் மண்ணும் மனிதரும் என்று முடிவாயிற்று. கூட்டத்தில் திரை கட்டி, மேலதிகாரி தாணுலிங்கம் முன்னிலையில் ராஜ்யத்தை நேரடியாகக் காட்டவும் ஏற்பாடு.

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு, வியாழக்கிழமை மத்தியானம் இரண்டேகாலுக்கு, ரமணபுரிக் கோட்டை வாசலில் நாற்பத்தொரு பிரஜைகள் மூட்டையோடு நின்றார்கள். எல்லா முகமும் சிவப்பு.

ரமணன் தலையைத் தூக்கினார். கவுண்டரில் ஸ்ரீகுமாரி. கையில் போன். அவருக்குப் பின்னால், நாற்பது பேரின் கையிலும் போன்.

“என்ன இது? எங்க போறீங்க?”

“களியக்காவிளைக்கு அங்க, எல்லை தாண்டி ஒரு ராஜா உண்டு சாரே. நல்ல ராஜாவாக்கும்.”

“தமிழ்நாட்டுக்காரனுக்க ராஜ்யத்துக்கா!” ராஜா நாற்காலியை விட்டு எழுந்தார். “நான் என்ன கொறை வச்சேன்? யானை கூடக் குடுத்தேனே!”

“அது அங்க. இஞ்ச ஒரு ஒப்பு குடுக்கலியே சாரே.” ஸ்ரீகுமாரி நிதானமாகப் பேசினார். “சாரு அங்க ஒரு ஆளுக்குத் தொண்ணூறு செகண்டு எடுப்பாரு. நாங்க அவ்வளவு கறாரு இல்ல. சாயங்காலம் வரைக்கும் தாறோம்.”

“சர்வரு வேல செய்யணுமே…”

“சர்வரு நல்லா ஓடுது சாரே,” என்றார் விஜயதாஸ். “சாருதான் வருஷத்தொடக்கத்துலேந்து உள்ள கேறல.”

இரண்டரைக்கு ரமணன் தொடங்கினார். ஆட்சேபம் கேட்கும் நோட்டீஸ் காலம் எல்லாம் எப்போதோ முடிந்து வெறும் ஒப்பத்துக்காகக் கிடந்த கோப்புகள். ஸ்ரீகுமாரி முதலிலிருந்து போட்ட புது மனுவும் அதில் ஒன்று. இழுப்பறைகள் திறந்தன. ஒருவர் போவார், அடுத்தவர் வருவார். ஒவ்வோர் ஒப்பத்துக்கும் கோட்டை வாசலில் ஒரு முகம் வெளுத்தது. ஒரு மூட்டை அவிழ்ந்தது. ஆறரை மணிக்கு நாற்பத்தொன்றும் தீர்ந்தது. ரமணபுரி பிழைத்தது.

இந்தச் சாதனை தாலுகா முழுவதும் பரவாமல் இருக்குமா? சனிக்கிழமைக் கூட்டத்தில் அறிக்கைக்குக் கைதட்டல், ராஜ்யத்துக்குக் கைதட்டல். அதற்கு மேல், தாணுலிங்கம் ரமணனுக்குப் பொன்னாடை போர்த்தி மைக்கைப் பிடித்தார்.

“ஒரே ஒரு மத்தியானம்! நாற்பத்தொரு கோப்பு! இதுவல்லவா மக்கள் சேவை! ரமணனைப் பார்த்து மற்றவர்கள் படிக்க வேண்டும். பயன்பெற்றவர்கள் சார்பில் யாராவது ரெண்டு வார்த்தை…”

ஸ்ரீகுமாரி மேடை ஏறினார். மைக் உயரமாக இருந்தது, அவரே இறக்கிக்கொண்டார்.

“சாரு ரெண்டரைக்குத் தொடங்கி ஆறரைக்கு முடிச்சாரு. ஒரு ஆளுக்கு ஆறு நிமிஷம். பின்ன, நாங்க யாரும் முன்ன அப்பிடி ஒரு வேகம் கண்டதில்ல. அதுக்கு சாருக்கு நன்றி உண்டு.”

தாணுலிங்கம் தலையாட்டினார். ரமணன் அடக்கமாகப் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டார்.

“எனக்க அப்பன் ஒண்ணேகால் வருஷம் நடந்தாரு. அதுக்குப் பொறவு நான் நடந்தேன். அவரு சாவும்போதும் கேட்டாரு, ரசீது வந்துதான்னு. அவருக்கு வேண்டியிருந்ததும் இந்த ஆறு நிமிஷந்தான் சாரே. அது அன்னைக்கும் உங்களுக்க கைல இருந்துது. நீங்க அத வச்சு மீன் பிடிச்சீங்க.”

பின்வரிசையில், பேச்சு முடிந்துவிட்டது என்று மட்டும் புரிந்துகொண்ட யாரோ கைதட்டினார். பழக்கம் விடுமா? எல்லோரும் தட்டினார்கள். தாணுலிங்கமும் தட்டினார்.

நிகழ்ச்சிக் குறிப்பு எழுதும் பொறுப்பு ஆய்வுக் குழுச் செயலாளர் ரமணனுடையது. அன்றே, அங்கேயே, சற்றும் தாமதமின்றி எழுதி முத்திரை வைத்தார்:

‘பயனாளி ஒருவர் நன்றி தெரிவித்தார். இறந்தவர் தரப்பில் ஆட்சேபம் எதுவும் வரவில்லை.’