ராகு காலத்தை ஒத்துக்கொள்ளாத கம்ப்யூட்டர்

செங்கல்பட்டில் பிறந்தவர்களில் வெளிநாட்டுக் கம்ப்யூட்டர் கம்பெனியை நிற்க வைத்துக் கேள்வி கேட்டவர் ஒரே ஆள்தான். எங்கள் பீட்டா அண்ணாத்தை. இல்லை, இன்னொருத்தரும் இருக்கிறார் என்று யாராவது கிளம்பினால் வரச்சொல்லுங்கள், ஒரு கை பார்த்துவிடலாம்.

இரண்டாயிரம் பிறந்த புதுசு. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவர் டி.டி.பி. கடை வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக நோட்டீஸ், காதுகுத்து அழைப்பு எல்லாம் கம்ப்யூட்டரில் அடித்து அச்சுக்கு அனுப்புகிற கடை. அடிக்கிறவள் நான். வருகிறவர்களோடு வாய்ச்சண்டை போடுவது முதலாளியின் வேலை.

பத்திரிகை அடிக்க வருகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. முதல் எழுத்தை நல்ல நேரத்தில் அடித்தாக வேண்டும். ஆனால் திருக்கழுக்குன்றத்திலும் திருவிடந்தையிலும் பஸ் பிடித்து அவர்கள் வந்து இறங்குவது கரெக்டாக ராகு காலத்தில்! அது முடிகிறவரை உட்கார வைத்தால் கடையே கல்யாண மண்டபம் ஆகிவிடும். அண்ணாத்தை ஒரு வழி கண்டுபிடித்தார். திரையின் மூலையில் ஓடும் கடிகாரத்தைப் பின்னால் திருப்பிவிடுவார்.

"இன்னாங்க, ஏமாத்து வேலையா கீதே?" என்பார்கள்.

"அடிக்கிறது யாரு, நீயா? பொட்டி அடிக்குது. பொட்டிக்கு இப்ப மணி இன்னா? ஒம்போதே முக்கால். அப்புறம் இன்னா, வுடு."

இந்த வாதத்தில் ஓட்டை கண்டுபிடித்தவர் ஊரில் ஒருவரும் இல்லை. முதல் எழுத்து விழுந்ததும் கடிகாரத்தைப் பழையபடி ஆக்கிவிடுவார்.

அந்த சமயத்தில்தான் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையில் அறிவிப்பு வந்தது. புதிதாக ஓர் ஆப்பரேட்டிங் சிஸ்டம் வரப்போகிறது. விற்பனைக்கு வருவதற்கு முன்னால் அதைப் போட்டுப் பார்த்துக் குறை சொல்ல ஆட்கள் தேவை. அவர்களுக்கு 'பீட்டா டெஸ்ட்டர்' என்று பெயர். முடிவில் அசல் சிஸ்டம் இலவசம். குறை சொல்ல ஆள் தேவை என்று படித்ததுமே அண்ணாத்தைக்குத் தன்னை மனதில் வைத்துத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று தோன்றிவிட்டது.

சி.டி. தபாலில் வந்தது, குறிப்பிட்ட காலம் மட்டும் ஓடுகிற மாதிரி. சூடம் காட்டினார். மூலையில் கிடக்கிற பழைய கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கலாம் என்றேன்.

"சும்மா கெடக்கிறதுல போட்டா அதுவும் சும்மாத்தான் கெடக்கும். வேலை செய்ற பொட்டில போடு தங்கச்சி."

போட்டேன். கடை போர்டில் 'பீட்டா' என்று அவரே பெயின்ட்டில் எழுதிக்கொண்டார். அன்றோடு அவருடைய சொந்தப் பெயரை ஊர் மறந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை. மணி பத்தே முக்கால், அப்பட்டமான ராகு காலம். கடப்பாக்கத்திலிருந்து ஒரு கல்யாணப் பெண்ணின் அப்பா வந்து உட்கார்ந்தார். அண்ணாத்தை வழக்கம்போலக் கடிகாரத்தைத் திருப்பினார். திரை பட்டென்று கறுத்தது. இங்கிலீஷில் இரண்டு வரி வந்து நின்றது.

"இன்னா சொல்லுது?"

"டெஸ்ட் பண்ற காலத்தைத் திருட்டுத்தனமா நீட்டிக்கப் பாக்கறோமாம் அண்ணே. பூட்டிடுச்சு."

"ராகு காலம் வேலையைக் காட்டிடுச்சு பாத்தியா!" என்று கடப்பாக்கத்துக்காரர் எழுந்து எதிரே இருந்த இன்னொரு டி.டி.பி. கடைக்கே போய்விட்டார். அண்ணாத்தை அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முகம் சிவந்துபோய்த் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"திருடன்னா சொன்னான்? என் கடையில, என் கடியாரத்த நான் திருப்புறேன். என்னைத் திருடன்னு சொல்றதுக்கு இவன் யாரு?"

எங்கள் கடையில் இன்டர்நெட் கிடையாது. மாமல்லபுரத்தில் வெள்ளைக்காரர்களுக்காக வைத்த பிரவுசிங் சென்டருக்குப் போனோம். கடலில் குளித்த ஈரத்தோடு டவுசரில் உட்கார்ந்து மெயில் போடுகிற கூட்டத்துக்கு நடுவே, வேட்டியை மடித்துக் கட்டிய அண்ணாத்தை. அவர் தமிழில் கத்தக் கத்த நான் இங்கிலீஷில் அடித்தேன். கடிகாரத்தை ஏன் திருப்பினீர்கள் என்று கம்பெனி கேட்டது. ராகு காலம் என்று எழுதினோம். அடுத்த வாரம் போனால், ராகு காலம் என்பது உங்கள் பகுதியின் நேர மண்டலமா என்று பதில் வந்திருக்கிறது.

"மண்டலமும் இல்ல, கமண்டலமும் இல்ல. தெனம் ஒன்றரை மணி நேரம். திங்கக்கெழமை காலையில வரும், ஞாயித்துக்கெழமை சாயங்காலம் வரும்னு எழுது."

இதை அறிவிப்பது எந்த அரசுத் துறை என்று அடுத்த கேள்வி.

"தினசரி காலண்டர்னு எழுது!"

நான் மரியாதைக்கு ஒரு 'தயவுசெய்து' சேர்த்தேன். பார்த்துவிட்டார். "அத்த எடு. நாம இன்னா பிச்சையா கேக்கறோம்?"

கடைசியாகக் கம்பெனி ஒரு முடிவுக்கு வந்தது. இது முழுக்க உங்கள் தவறு. 'என் தவறுதான்' என்ற கட்டத்தைக் க்ளிக் செய்தால் புகாரை முடித்துக்கொண்டு அசல் சிஸ்டத்தை அனுப்பிவைக்கிறோம். இல்லையென்றால் திட்டத்திலிருந்து பெயரை எடுத்துவிடுவோம்.

எதிர்க்கடையில் எல்லாம் புதுசு. எங்கள் வாடிக்கைக்காரர்களில் பாதிப்பேர் அங்கே போயாயிற்று. நான் கெஞ்சினேன். "ஒரே ஒரு க்ளிக் அண்ணே. யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியும்ல?" என்றார். "நான் தப்பு பண்ணிகினா நூறு தபா ஒத்துக்குவேன். திருடன்னு ஒருத்தன் சொல்லுவான், அதுக்கு நானே ஆமாம் போடணுமா? ஏன் திருப்புறேன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு அப்புறம் பூட்டியிருந்தா பேஜாரே இல்ல. கேக்காம பூட்டினான் பாரு, அதான் தப்பு. அப்டியே எழுது."

அப்படியே எழுதினேன். அடுத்த வாரம் பெயரை எடுத்துவிட்டார்கள். பழைய சிஸ்டத்தையே போட்டுக்கொண்டு கடை தத்தித் தத்தி ஓடியது. ஒருநாள்கூட அவர் அதற்காக வருத்தப்பட்டு நான் பார்க்கவில்லை.

எனக்குக் கல்யாணம் ஆகித் தாம்பரத்தில் ஓர் ஆபீசில் சேர்ந்தேன். அங்கே புதுக் கம்ப்யூட்டர்கள் வந்தன. எல்லாவற்றிலும் அதே சிஸ்டம், விற்பனைக்கு வந்த அசல். சாப்பாட்டு நேரத்தில் யாரும் பார்க்காதபோது கடிகாரத்தைப் பின்னால் திருப்பினேன். பூட்டவில்லை. சின்னதாக ஒரு கேள்வி வந்தது. கடிகாரம் பின்னால் போயிருக்கிறது, நீங்கள்தான் திருப்பினீர்களா? ஆம், இல்லை.

அவர் எழுதியதால்தான் மாற்றினார்கள் என்று என்னால் நிரூபிக்க முடியாது. சிஸ்டத்துக்குள் கம்பெனி நன்றி சொல்லிப் போட்டிருந்த பெயர்களில் அவர் பெயரும் இல்லை. எனக்குத் துளிகூடச் சந்தேகம் கிடையாது, அவ்வளவுதான். ஆபீஸ் போனிலேயே அவரைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, பூட்டல. கேக்குது."

"இன்னான்னு கேக்குது?"

"நீங்கதான் திருப்புனீங்களான்னு."

"மரியாதையாவா?"

"மரியாதையாத்தான் அண்ணே."

"ஆமாம்னு போடு தங்கச்சி," என்றார். அந்தக் குரல் உடைந்து நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான்.

போட்டேன். ஆபீஸ் என்றும் பாராமல் அழுதேன். யாருக்கு என்ன ஆச்சு என்று மேனேஜர் ஓடிவந்தார். எங்க அண்ணன் ஜெயிச்சுட்டார் சார் என்றேன்.